ஒரு கிளான்சா, மூன்று டர்போ: கோண்டாவில் கராஜ் ஒன்றில் கழிந்த ஒன்பது மாதங்கள்

யாழ்ப்பாணத்தில் டர்போ வேலை தெரியும் என்று சொல்லும் கராஜ்களுக்குக் குறைவில்லை. டர்போ என்பது எஞ்சின் விடும் புகையால் டர்பைன் என்ற சில்லைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள கொம்பிரசர் சில்லால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊட்டும் கருவி. அவற்றுள் பெரும்பாலானவை கேடிஎச் வான், ஹைலக்ஸ், லொறி ஆகியவற்றின் டீசல் டர்போக்களைக் கழற்றிப் பூட்டிப் பழகியவை. பெற்றோல் காருக்கு, அதுவும் அன்றாடம் கடைக்கும் கந்தோருக்கும் ஓடுகின்ற சிறிய காருக்கு, எந்த அளவு டர்போ பொருந்தும் என்று நிதானமாக இருந்து கதைக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. அப்படியொருவரைக் கோண்டாவிலில், ரயில் பாதைக்கு அப்பால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலில் கண்டுபிடிப்பதற்கு முன், நான் ஒரு பெரிய பிழையைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தேன். இந்த மதிப்புரை அந்தக் கராஜைப் பற்றியும், என் காரில் அடுத்தடுத்து ஏறிய மூன்று டர்போக்களைப் பற்றியும் ஆனது.

கார் 1997ஆம் ஆண்டு ரொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா வி. அதன் 4ஈ-எஃப்டிஈ எஞ்சினின் கொள்ளளவு 1,331 சி.சி. சிடி9 என்னும் சிறிய டர்போ, அமுக்கிய காற்றைக் குளிர்விக்க எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கும் இன்டர்கூலர், அதற்குக் காற்று ஊட்டப் பொன்னெற்றில் ஒரு வாய், பூஸ்டை, அதாவது டர்போ கூட்டித் தரும் காற்றமுக்கத்தை, கூட்டிக் குறைக்க உள்ளே ஒரு பொத்தான் என்று தொழிற்சாலையிலிருந்தே எல்லாம் அளவோடு பொருத்தப்பட்ட கார் அது. கிடைக்கும் வலு எஞ்சின் நிமிடத்துக்கு 6,400 சுற்றில் ஓடும்போது 135 குதிரைவலு. ஒரு தொன்னுக்கும் குறைந்த உடம்புக்கு அது தாராளம். என்னுடைய சிடி9 தேய்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை விடத் தொடங்கியது. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையை நினைத்துப் பயந்துதான் மாற்று டர்போ தேடி, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.

அங்கே ஒரு கடையில் நிசான் சில்வியாவிலிருந்து கழற்றிய டி28 ஒன்றைக் காட்டினார்கள். “சின்னதைப் போட்டு என்ன செய்யப்போறீங்கள், இதைப் போட்டால் கார் பறக்கும்” என்று சொன்ன கடைக்காரர், அது 1,998 சி.சி. எஞ்சினுக்காகச் செய்யப்பட்ட டர்போ என்பதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விலை ஒரு நல்ல பழைய மோட்டார் சைக்கிளின் விலை. எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் மனிபோல்டுக்கு இடைத்தகடு வெட்டி, குழாய்களை வளைத்து, அதை வேறோர் இடத்தில் பூட்டி எடுத்தேன்.

கார் பறக்கத்தான் செய்தது, ஆனால் 4,500 சுற்றுக்கு மேல். அதற்குக் கீழே டர்போ இல்லாத கிளான்சாவை ஓட்டுவது போலவும் அல்ல, அதைவிட மோசமாக இருந்தது. ஏனெனில் டர்போ எஞ்சின்களில் சிலிண்டர் தானாகக் காற்றை நெருக்கும் விகிதம் சாதாரண எஞ்சின்களைவிடக் குறைவாகவே வைக்கப்படுவதால், பூஸ்ட் வராத நேரத்தில் அவை தம் கொள்ளளவுக்குரிய இழுவையைக்கூடச் சரியாகத் தருவதில்லை. மூன்றாவது கியரில் 4,500 சுற்றைத் தொடும்போது என் கார் மணிக்கு 95 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். நகருக்கு வெளியே காருக்குச் சட்டம் தருவது 70, ஊருக்குள் 50. பருத்தித்துறை வீதியில் மினிபஸ் ஒன்றை முந்த அக்சிலேற்றரை மிதித்தால், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பின்னர்தான் பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல ஒரு உதை வரும். அந்த நேரம் எதிரே ஓட்டோ வந்துவிட்டிருக்கும். நான் பிறேக்கில் இருப்பேன்.

கோண்டாவில் கராஜுக்கு நான் போனது அந்த உதையைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவர வழியுண்டா என்று கேட்கத்தான். அங்கிருந்த அண்ணை பொன்னெற்றைத் திறந்து பார்த்தார். சிரிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. “தம்பி, நீர் எத்தினை சுற்றிலை பஸ்ஸை முந்துறனீர்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “ஒரு கிழமை ஓடிப்போட்டு எழுதிக்கொண்டு வாரும். அதுக்குப் பிறகு டர்போவைப் பற்றிக் கதைப்பம்” என்று அனுப்பிவிட்டார். ஒரு சதமும் வாங்கவில்லை.

இந்த ஒரு கேள்விக்காகவே நான் அந்தக் கராஜுக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். டர்போ வாங்கப் போகும் எல்லோரும் எத்தனை குதிரைவலு வரும் என்றே கேட்கிறோம், நானும் அப்படித்தான் கேட்டேன். கராஜ்களும் விற்பனைக் கடைகளும் அந்தக் கேள்விக்கே பதில் வைத்திருக்கின்றன. ஒரு கிழமை எழுதிப் பார்த்ததில், என் கார் பெரும்பாலான நேரம் 2,000க்கும் 3,500க்கும் இடையிலேயே வாழ்கிறது என்று தெரிந்தது. நவற்குழிப் பாலத்தைத் தாண்டிச் சாவகச்சேரிப் பக்கம் ஏ9 வீதியில் ஓடியபோது இரண்டு தடவை 4,000ஐத் தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு, பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் அண்ணை போட்டுக் காட்டிய கணக்கு இங்கே எழுதிவைக்கத் தகுந்தது. நான்கு அடிப்பு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவை உறிஞ்சுகிறது. ஆகவே 1.331 லீட்டர் எஞ்சின் 6,000 சுற்றில் நிமிடத்துக்கு 3,993 லீட்டர் காற்றுக்கு இடம் வைத்திருக்கிறது. நடைமுறையில் அதில் 90 சதவீதம் நிரம்பும் என்று வைத்தால் ஏறத்தாழ 3,600 லீட்டர். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில் இருப்பதால் வெளி அமுக்கம் ஏறத்தாழ ஒரு பார். 0.7 பார் பூஸ்ட் வைத்தால் உள்ளே போகும் காற்றின் அமுக்கம் வெளி அமுக்கத்தைப் போல 1.7 மடங்கு. இன்டர்கூலரைத் தாண்டி 50 பாகை செல்சியஸில் காற்று உள்ளே போகிறது என்று எடுத்தால், அந்த 3,600 லீட்டரின் நிறை நிமிடத்துக்கு 6.7 கிலோ, அதாவது 15 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு ஓர் இறாத்தல் காற்றுக்குச் சுமார் 10 குதிரைவலு என்பது தொழிலில் உள்ளவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. பாண் வாங்குவது போல இறாத்தலில் காற்று வாங்குவதை நான் அன்றுதான் கண்டேன்.

இனி அதே எஞ்சினை 3,000 சுற்றில் வைத்துப் பாருங்கள். உறிஞ்சும் காற்று பாதியாகிறது. முழுப் பூஸ்ட் இருந்தால்கூட ஏழு இறாத்தல்தான். வெளியே போகும் புகையும் அதே அளவுதான், அந்தப் புகைதான் டர்பைனைச் சுற்ற வேண்டும். 2 லீட்டர் எஞ்சின் 3,000 சுற்றில் தரும் புகையைத் தர என் எஞ்சின் 4,500 சுற்றுக்குப் போக வேண்டும். டி28 என் காரில் விழித்துக்கொண்ட இடமும் அதுதான்.

சில்லின் பருமன் அடுத்த விடயம். டி28 வகையின் கொம்பிரசர் சில்லு விட்டத்தில் சுமார் 60 மில்லிமீற்றர். காரெற் நிறுவனத்தின் ஜிடி2554ஆர் என்ற சிறிய டர்போவில் அது 54.3 மில்லிமீற்றர். வித்தியாசம் ஆறு மில்லிமீற்றர் கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒரே வடிவமுள்ள சில்லின் சடத்துவத் திருப்பம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது; உயர்தர பௌதிகவியல் படித்தவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆறு மில்லிமீற்றர் சில்லைச் சுழலவைப்பதற்கான பாரத்தை ஏறத்தாழ 1.6 மடங்காக்கிவிடுகிறது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் போக வேண்டிய பொருளுக்கு இது சின்ன விடயமல்ல.

டர்போ விபரத்தாளில் வரும் இரண்டு எண்களையும் அண்ணை விளங்கப்படுத்தினார். ட்ரிம் என்பது சில்லின் காற்று நுழையும் பக்க விட்டத்தை வெளியேறும் பக்க விட்டத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, நூறால் பெருக்கியது. 2554ஆர்-இல் நுழையும் விட்டம் 42.1, வெளிவிட்டம் 54.3, கணக்குப் போட்டால் 60 வரும். மற்றது ஏ/ஆர்: நத்தை ஓட்டின் வடிவிலுள்ள கூட்டின் குறுக்குவெட்டுப் பரப்பை, அந்த வெட்டின் மையத்திலிருந்து அச்சுவரையான தூரத்தால் வகுப்பது. கொம்பிரசர் பக்கத்தில் இது பெரிய மாற்றத்தைத் தராது. டர்பைன் பக்கத்தில் இதுவே எல்லாம். எண் சிறிதானால் புகை வேகமாகச் சில்லில் அடிக்கும், பூஸ்ட் முன்னுக்கு வரும், ஆனால் உயர்ந்த சுற்றில் எஞ்சின் மூச்சு முட்டும். எண் பெரிதானால் மறுதலை. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பொத்தினால் நீர் தூரம் பாய்வதையும் வாளி நிரம்பப் பிந்துவதையும் நினைத்துக்கொண்டால் இதை மறக்க முடியாது.

“கேடிஎச் வான் மட்டும் கீழேயே இழுக்குதே, அதுவும் பெரிய டர்போதானே?” என்று நான் கேட்டேன். அண்ணை சொன்ன விளக்கம் இது: அந்த வானின் 1கேடி டீசல் எஞ்சினின் டர்போவில் டர்பைனைச் சுற்றி அசையும் இறக்கைகள் இருக்கின்றன. குறைந்த சுற்றில் அவை ஒடுங்கி ஏ/ஆரைச் சிறிதாக்கும், கூடிய சுற்றில் விரியும். டீசல் புகையின் வெப்பம் பெற்றோலைவிடக் குறைவு என்பதால் அந்த இறக்கைகள் அங்கே பிழைக்கின்றன. பெற்றோல் எஞ்சினில் அவற்றுக்கு விலை கூடிய உலோகம் வேண்டும். 2006இல் போர்ஷே தன் 911 டர்போவில் அதைச் செய்தபோது பெரிய செய்தியானது. ஸ்டார்லெட்டுக்கு அது கைக்கெட்டாத கதை.

தெருக்காருக்குச் சிறிய டர்போதான் என்ற எண்ணம் புதியதல்ல. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூகி 1905இல் டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் சாதாரணக் குடும்பக் காரில் அன்றாடம் ஓட்டக்கூடிய டர்போவை மக்களுக்குப் பழக்கியதில் 1977இல் அறிமுகமான சாப் 99 டர்போவுக்குப் பெரிய பங்குண்டு. உச்ச வலுவுக்காகப் பெரிய டர்போ வைக்காமல், சிறிய டர்போவை வைத்துக் கீழ்ச் சுற்றிலேயே பூஸ்ட் எடுத்து, மேலே மிஞ்சும் புகையை வேஸ்ட்கேற் என்ற கதவால் டர்பைனைத் தொடாமல் வெளியே விட்டார்கள். என் கிளான்சாவின் சிடி9 அதே வழியில் வந்த பிள்ளை. நான்தான் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வீராப்பாகப் பஞ்சிகாவத்தைக்குப் போயிருந்தேன்.

கராஜில் அப்போது இன்னொருவர் விற்கக் கொடுத்திருந்த ஜிடி2554ஆர் ஒன்று, அதற்குரிய மனிபோல்டோடு இருந்தது. “பூட்டுக்கூலியை மட்டும் தாரும். இரண்டு கிழமை ஓடிப் பாரும், பிடிக்காட்டித் திருப்பித் தாரும்” என்றார். இப்படி வேறு எந்தக் கராஜிலும் எனக்குச் சொல்லப்பட்டதில்லை.

2554ஆர் நல்ல பொருள், அதில் சந்தேகமில்லை. உள்ளே பந்து பெயாரிங் இருப்பதால் சாஃப்ட் இலகுவாகச் சுழல்கிறது. காற்று வடிகட்டிக் குழாயைக் கழற்றிவிட்டுச் சில்லை விரலால் சுண்டினால், தேய்ந்த என் சிடி9 அரைச் சுற்றில் நிற்கும் இடத்தில் இது நின்று நிதானிக்க மனமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டும்போது அண்ணை ஒயில் குழாயின் வாயில் ஒரு மில்லிமீற்றர் அளவு துளையுள்ள சிறிய பித்தளைத் துண்டை வைத்தார். பந்து பெயாரிங்குக்கு ஒயில் அதிகம் போனால் அது சீலைத் தாண்டிப் புகையாக வரும் என்றும், பலர் டர்போ பழுது என்று நினைத்துக் கழற்றுவது இந்தத் துண்டு இல்லாத குறைதான் என்றும் சொன்னார். ஒயில் திரும்பும் குழாயை மூன்று முறை வெட்டி ஒட்டினார், அது எங்கும் மடியாமல் நேரே கீழிறங்க வேண்டும் என்பதற்காக.

என் காரில் அது 2,500 சுற்றளவில் முனகத் தொடங்கி, 3,400இல் முழு 0.7 பாரைத் தந்தது. 4,000க்கு மேல் சிடி9 ஒருபோதும் தராத மூச்சு இருந்தது. ஒரு ஞாயிறு விடியற்காலையில் ஆனையிறவு வரை ஓடிப் பார்த்தேன். உப்பளம் தாண்டி வரும் காற்று குளிர்ந்திருந்தது, கார் சிவிங்கி போலிருந்தது. வாரநாளில் கதை வேறு. காங்கேசன்துறை வீதியில் கொக்குவில் சந்தியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குள் வரும் நெரிசலில், 2,200 சுற்றில் மிதித்தால் ஒரு வினாடித் தயக்கம். டி28இன் மூன்று வினாடியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆனால் என் கொப்பியிலுள்ள எண்களில் பாதி அந்தத் தயக்கத்துக்குக் கீழேதான் கிடந்தன.

இன்னொன்றும் இருந்தது. அந்த டர்போ தரக்கூடிய வலுவை எடுக்க வேண்டுமென்றால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மாற்ற வேண்டும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு மாற்ற வேண்டும். தொழிற்சாலை ஈசியு ஓர் அளவுக்கு மேல் பூஸ்டைக் கண்டால் எரிபொருளை வெட்டிவிடும். அதற்கு மேல் வெப்பம். 32 பாகையில் நுழையும் காற்று, 70 சதவீதத் திறனுள்ள கொம்பிரசரில் 1.7 விகிதத்துக்கு அமுக்கப்பட்டால் 100 பாகையைத் தாண்டி வெளிவரும். எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கும் இன்டர்கூலர் நெரிசலில் தானும் சூடாகிவிடும். 95 ஒக்ரேன் பெற்றோலில் இதற்கு மேல் பூஸ்ட் கூட்டுவது எஞ்சினைத் தட்டவைக்கும் வேலை. 92ஐ அடித்துவிட்டு பூஸ்ட் கூட்டுபவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இரண்டாவது கிழமை முடிவில் 2554ஆரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பழைய சிடி9ஐயே திருத்தித் தரச் சொன்னேன். அண்ணையின் முகத்தில் ஒரு சிறு சந்தோசம் தெரிந்தது என்று நினைக்கிறேன், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சிடி9ஐப் பிரித்தபோது பக்கத்திலிருந்து பார்த்தேன். சாஃப்டில் ஒயில் கருகிக் கரிபோல ஒட்டியிருந்தது. ஓடி வந்த சூட்டோடு உடனே எஞ்சினை நிறுத்துபவர்களின் டர்போ இப்படித்தான் இருக்கும் என்றார். அதைவிட என்னை வெட்கப்பட வைத்தது தண்ணீர்ப் பாதை. மெல்லிய கம்பியை உள்ளே விட்டுக் கிண்டியபோது வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் செதில்கள் உதிர்ந்து, மேசையில் விரித்திருந்த பத்திரிகைத் தாளில் குவிந்தன. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படிவது போலவே இருந்தது. சுண்ணக்கல் மண்ணின் கிணற்றுத் தண்ணீரை ஆண்டுக்கணக்காக ரேடியேற்றருக்கு ஊற்றியதன் பலன் அது. டர்போவின் குளிர்ச்சிப் பாதை பாதி அடைபட்டிருந்தது. இப்போது கூலன்ட் தவிர வேறொன்றும் ஊற்றுவதில்லை, வீட்டில் நிற்பாட்டும்போது ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுத்தான் திறப்பைத் திருப்புகிறேன்.

புதிய பெயாரிங், சீல், சாஃப்ட் சமநிலை ஆகியவற்றோடு சிடி9 திரும்பி ஏறியது. சமநிலை பார்க்கும் இயந்திரம் இங்கே இல்லாததால் அந்த ஒரு வேலைக்கு அது கொழும்புக்குப் போய் வந்தது. 2,100 சுற்றில் பூஸ்ட் முள் அசைகிறது, 2,900இல் முழுவதும் வந்துவிடுகிறது. 6,000க்கு மேல் மூச்சு வாங்குகிறது. நான் அங்கே போவதில்லை. மினிபஸ்ஸை முந்த இப்போது எண்ண வேண்டியதில்லை, கால் போகும் நேரத்திலேயே கார் போகிறது. டி28 இருந்தபோது தாளில் கூடிய வலுவுள்ள கார் என்னிடம் இருந்தது என்று சொல்லலாம். ஆனால் வேகமான கார் என்றால் இதுதான்.

2554ஆரைப் பற்றி என் தீர்ப்பு, 1.6 லீட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் வைத்திருப்பவர்கள், அல்லது கிழமைக்கு இரண்டு தடவையாவது ஏ9இல் வவுனியா வரை ஓடுபவர்கள் தயங்காமல் எடுக்கலாம். 1.3இல் ஈசியுவும் இன்ஜெக்டரும் மாற்றச் செலவழிக்க மனமிருந்தால் மட்டும்.

கராஜில் குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். நான்கு நாள் என்று சொன்ன வேலை பதினொரு நாள் ஆனது, அதில் மூன்று நாள் கோயில் திருவிழா. பில் எழுதித் தர மாட்டார்கள், கேட்டால் கலண்டர்த் தாளைக் கிழித்துத் தருவார்கள். எஞ்சின் வலுவை அளக்கும் டைனோ கிடையாது, நான் மேலே சொன்ன சுற்று எண்கள் எல்லாம் என் காரின் பூஸ்ட் மீற்றரில், ஒரே வீதியில், ஒரே கியரில் பார்த்து எழுதியவை. சோளகக் காற்றுக் காலத்தில் கொட்டிலுக்குள் புழுதி அடிக்கும். டர்போவைத் திறந்து வைத்து வேலை செய்யும் இடத்துக்கு அது சரியல்ல, ஒரு மறைப்பாவது போடலாம். கூலி மட்டும் நியாயம், சொன்னதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

டி28 எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு காட்போட் பெட்டிக்குள் இருக்கிறது. சாஃப்ட் ஆட்டம் இல்லை, ஒயில் கசிவு இல்லை, பொருளில் எந்தக் குற்றமும் இல்லை. இரண்டு லீட்டர் எஞ்சின் வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால், வாங்கிய விலையில் பாதிக்குக் கொடுப்பேன். ஆனால் எத்தனை சுற்றில் பஸ்ஸை முந்துகிறார்கள் என்று முதலில் கேட்பேன்.